இம்பிளான்ட் பல்லுக்குப் பின் வாய்த்தசைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும்: மூன்று மாத அனுபவம்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், கடந்த நான்கு ஆண்டுகளாக, பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்கும் அரசுத் தேர்வு எழுதுவோருக்கும் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பி வருகிறேன். மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் இம்பிளான்ட் முறையில், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து, பல் பொருத்தி முடிந்த மூன்றாவது வாரத்தில் நான் அனுப்பிய முதல் பதிவைக் கேட்டுவிட்டு, மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நெடுநேரம் தயங்கிவிட்டு, “அம்மா, ‘சட்டம்’, ‘அரசு’ன்னு வர்ற இடத்துல எல்லாம் விசில் மாதிரி ஒரு சத்தம் கேக்குது. ஸ்பீடு ஏத்துனா காது கூசுது” என்றார். பார்வையற்ற மாணவர்களில் பலர் ஒலிப்பதிவை ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் கேட்பவர்கள். அந்த வேகத்தில் சிறு இரைச்சல்கூட அடுத்த எழுத்தை மூடிவிடும். வீட்டில் யாரும் கவனிக்காத குறையை அவருடைய காது கண்டுபிடித்தது.

அந்த ஒரு தொலைபேசி அழைப்புதான் என்னை, திருச்சியில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் தனியாக நடத்தும் சிறிய மையத்துக்குக் கொண்டு சென்றது. மூன்று மாதங்களில் பன்னிரண்டு அமர்வுகள் முடித்திருக்கிறேன். நான் இங்கே மதிப்பிடுவது அந்த மையத்தை மட்டுமன்று, வாய்த்தசைப் பயிற்சி என்ற இந்தச் சேவையையே. ஆகவே மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பல் பொருத்திக்கொண்ட பலருக்கும் இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே தெரியவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் வாய்க்கு நேர்ந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஈறு நோயால் முன்பற்கள் ஆடத் தொடங்கி, ஆறையும் எடுக்க நேர்ந்தது. நான்கு டைட்டானியம் திருகுகளை எலும்பில் பதித்து, அவற்றின் மீது ஆறு செயற்கைப் பற்கள் ஒன்றாக இணைந்த ‘பாலம்’ ஒன்றைப் பொருத்துவது திட்டம். மேல்தாடை எலும்பு கீழ்த்தாடையைவிட மென்மையானது. திருகோடு எலும்பு ஒட்டி வளர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் ஏழு மாதங்கள், கழற்றி மாட்டும் பல்செட் அணிந்திருந்தேன். அண்ணத்தின் முன்பகுதியை மூடிய அந்தப் பிளாஸ்டிக் தகட்டுக்கு இடம் விட்டு, நாக்கு பின்வாங்கித் தாழ்ந்து படுக்கப் பழகிவிட்டது. பேசும்போது பல்செட் கழன்று விழாமல் இருக்க மேலுதட்டை இறுக்கிப் பிடிக்கும் வழக்கமும் ஒட்டிக்கொண்டது. நிலையான பல் வந்த பிறகும் இந்த இரண்டு பழக்கங்களும் போகவில்லை. பல் மருத்துவரிடம் சொன்னபோது “போகப் போகப் பழகிவிடும்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பழகிவிடுகிறது. எனக்குப் பத்து வாரங்கள் கடந்தும் பழகவில்லை.

ஏன் பழகவில்லை என்பதைப் பயிற்சியாளர் முதல் அமர்விலேயே விளக்கினார். அந்த விளக்கம் எனக்கு மருந்தைவிட மேலாக இருந்தது. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. சோற்றில் கிடக்கும் பொடி மணலைக்கூடப் பல் உணர்ந்து சொல்வது அந்தச் சவ்வில் உள்ள நரம்பு முனைகளால்தான். சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க், டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டிக்கொள்வதைக் கண்டறிந்து, 1965-இல் முதல் நோயாளிக்கு இம்பிளான்ட் பதித்தார். இன்று நம் வாய்க்குள் வரும் திருகுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. எலும்போடு நேரடியாக ஒட்டுவது அதன் வலிமை. இடையில் சவ்வு இல்லாததால் தொடு உணர்வு மங்கிவிடுவது அதன் குறை. தன் இடத்தைப் பல்லின் உணர்வை வைத்துக் கணித்து வந்த நாக்குக்கு, புதிய பல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது சரியாகத் தெரிவதில்லை.

‘ஸ்’ ஒலியைப் பொறுத்தவரை இது மிக நுட்பமான சிக்கல். நாக்கின் நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் உருவாகி, அதன் வழியே வரும் காற்று முன்பற்களின் விளிம்பில் மோதும்போதுதான் அந்த ஒலி சுத்தமாகப் பிறக்கிறது. பல்லின் பின்புறம் சற்றே தடித்திருந்தாலும், நாக்கு ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் விசிலாகவோ மழலையாகவோ மாறிவிடும். நம் பேச்சில் ‘ச’ என்ற ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறாக ஒலிப்பதையும் அன்றுதான் கவனித்தேன். ‘பச்சை’ என்று சொன்னால் என் வாயில் விசில் இல்லை. ‘பசை’ என்றால் விசில் வந்தது. ‘பஞ்சு’ சரியாக வந்தது; ‘பரிசு’ சரியாக வரவில்லை. இரட்டித்தும் மெல்லினத்தை அடுத்தும் வரும் ‘ச’கரத்துக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிவிடுகிறது, தனித்து வரும்போதோ காற்று உராய்ந்து போக வேண்டியிருக்கிறது. மாணவர் சொன்ன ‘சட்டம்’, ‘அரசு’ இரண்டும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

‘ச’ மட்டுமன்று, ‘வ’வும் ‘ந’வும்கூடக் கெட்டிருந்தன. பயிற்சியாளர் இளம்பெண், மைசூரில் படித்தவர். சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி என் வாயைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினார். ‘வ’ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொடவே இல்லை; இரண்டு உதடுகளையும் குவித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். தொல்காப்பியத்தின் பிறப்பியல், மேற்பல்லும் கீழுதடும் இயையும்போது வகரம் பிறக்கும் என்றும், மேற்பல்லின் அடியில் நாநுனி பரந்து ஒற்றும்போது தகரமும் நகரமும் பிறக்கும் என்றும் வகுத்துச் சொல்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அந்தச் செய்தி, ஆறு பல்லை இழந்த பிறகு என் வாய்க்குள்ளேயே மெய்ப்பட்டது. எல்லோரும் முதலில் கேட்கும் ‘ழ’ எனக்குக் கெடவே இல்லை. அதற்கு நாநுனி மேல்நோக்கி வளைந்து, பல்லுக்கு வெகு பின்னால் நின்றுவிடுகிறது. “ழ நல்லாத்தானே வருது, அப்புறம் என்ன?” என்று உறவினர் பலர் ஆறுதல் சொன்னார்கள். முன்பல் போனவரின் பேச்சை ‘ழ’கரத்தை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை.

இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது, பயிற்சியாளர் முதல் அமர்வு முடிந்ததும் செய்த காரியத்தைத்தான். பன்னிரண்டு அமர்வுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு உடனே பயிற்சியைத் தொடங்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், என் பல் மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, முதலில் அவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நடுப்பற்கள் இரண்டின் பின்புறமும் தடித்திருப்பதாகவும், ‘ஸ்’ சொல்லும்போது நாக்கு அங்கே இடறுவதாகவும், அதைக் குறைக்க முடியுமா என்றும் அதில் கேட்டிருந்தார். பாலத்தைச் சிமென்ட் வைத்து ஒட்டாமல் திருகாணியால் முடுக்கியிருந்ததால், மருத்துவர் அதைக் கழற்றிப் பின்புறத்தை இழைத்து, மெருகிட்டு, மறுவாரம் திரும்பப் பொருத்தினார். விசிலில் பாதி அன்றே அடங்கிவிட்டது. பல்லின் வடிவத்தில் இருக்கும் குறையை நாக்குப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. பயிற்சியாளர் அதை அறிந்திருந்தார், தம் வருமானத்தைப் பாராமல் சொல்லவும் செய்தார். இம்பிளான்ட் வைக்க இருப்பவர்கள், பாலத்தைப் பின்னர் கழற்றித் திருத்தும் வகையில் திருகாணியால் பொருத்த இயலுமா என்று முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.

அதன் பிறகே தசைப் பயிற்சி தொடங்கியது. பல் வரிசையைச் சுற்றியுள்ள தசைகளைப் பயிற்றுவதன் மூலம் பல்லின் நிலையையே காக்கலாம் என்ற எண்ணத்தை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் முன்வைத்தார். இன்றும் இதன் அடிப்படை எளிமையானதுதான்: பேசாமலும் உண்ணாமலும் இருக்கும் நேரத்தில் உதடுகள் மூடியிருக்க வேண்டும், மூச்சு மூக்கு வழியே போக வேண்டும், நாநுனி, மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணம் மேடாகத் தடித்திருக்கும் இடத்தில் பல்லைத் தள்ளாமல் பதிந்திருக்க வேண்டும். என் நாக்கு கீழ்ப்பற்களுக்குப் பின்னால் சோம்பிக் கிடந்தது. விழுங்கும்போதோ எழுந்து வந்து மேற்பல்லை முட்டித் தள்ளியது. ஒரு நாளைக்கு நாம் பல நூறு தடவை விழுங்குகிறோம். அத்தனை தடவையும் தவறான திசையில் பழகும் நாக்கு, பேசும்போது மட்டும் சரியான இடத்துக்கு எப்படிப் போகும்?

நாக்கு முழுவதையும் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டவைத்து, பத்து எண்ணும்வரை வாயைத் திறந்து பிடித்திருக்க வேண்டும். பிறகு, மாட்டு வண்டிக்காரர் மாட்டை ஓட்டும்போது எழுப்புவாரே, அதைப் போன்ற ஒரு ‘டக்’ ஒலியோடு விடுவிக்க வேண்டும். முதல் வாரம் மூன்று எண்ணுவதற்குள் நாக்கு நழுவிவிட்டது. நாக்கின் அடிப்புறம், மாடிப்படி ஏறிய கால்போல வலித்தது. மேலுதட்டின் இறுக்கத்தைக் குறைக்க, பெரிய சட்டைப் பொத்தான் ஒன்றில் நூல் கோத்துப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் வைத்து, மெல்ல இழுக்கும்போது உதட்டால் தடுக்கும் பயிற்சி தந்தார். இதைத் தொடங்கும் முன் பல் மருத்துவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கினார். எலும்பு ஒட்டி முடியாத நிலையில் இருப்பவர்கள் தாமாகவே இணையக் காணொளிகளைப் பார்த்து இத்தகைய பயிற்சிகளைச் செய்யக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நாநுனியில் சிறு ரப்பர் வளையம் வைத்துக்கொண்டு விழுங்கும் பயிற்சியும் இருந்தது. என் வயதில் அது தொண்டைக்குள் போய்விடுமோ என்று அஞ்சி மறுத்தேன். அவர் வற்புறுத்தாமல், ஒரு வாய்த் தண்ணீரைக் கண்ணாடி முன் நின்று, உதட்டை இறுக்காமல், நாக்கை மேலேயே வைத்து விழுங்கச் சொன்னார். எனக்கு மிகுந்த பயன் தந்தது அந்தத் தண்ணீர்ப் பயிற்சிதான். காலை, மதியம், இரவு என்று சாப்பாட்டுக்கு முன் பத்துப் பத்து வாய் பழகினேன். ஐந்தாவது வாரம், யோசிக்காமலேயே நாக்கு மேலே இருப்பதை ஒரு பேருந்துப் பயணத்தில் உணர்ந்தேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலூன் ஊதுவது, நாக்கை வெளியே நீட்டிச் சுழற்றுவது, அதிர்வுக் கருவியைக் கன்னத்தில் வைத்துத் தேய்ப்பது ஆகியவற்றுக்காக மூன்றாம், நான்காம் அமர்வுகள் முழுவதும் கழிந்தன. இவற்றால் என் பேச்சில் எந்த மாற்றமும் வரவில்லை. பேச்சொலியை மாற்றப் பேச்சொலியையே பழக வேண்டும், ஒலியில்லாத வாய்ப்பயிற்சிகள் மட்டும் போதா என்ற கருத்து பேச்சியல் வல்லுநர்களிடையே நெடுநாளாக வலுவாக இருந்து வருகிறது. நாக்கு ஓய்ந்திருக்கும் நிலையையும் விழுங்கும் முறையையும் திருத்தத் தசைப் பயிற்சி உதவியது என்பதை என் வாயிலேயே கண்டேன். ஆனால் ‘ஸ்’ ஒலியைத் திருத்தியது ‘ஸ்’ ஒலிப் பயிற்சிதான். இதை ஐந்தாம் அமர்வில் பயிற்சியாளரிடம் வெளிப்படையாகவே கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. ஊதும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு, மீதி அமர்வுகளில் பெரும்பகுதியைப் பேச்சுக்கே ஒதுக்கினார்.

இன்னொரு குறை, எனக்குச் சற்று வருத்தமே தந்தது. வீட்டில் பழகுவதற்கு அவர் அச்சிட்டுத் தந்த தாள்கள் முழுவதும் ஆங்கிலச் சொற்கள். ‘சன்’, ‘சோப்’, ‘பஸ்’ என்று பழகிவிட்டு ‘அரசியலமைப்புச் சட்டம்’ என்று வாசிக்கும்போது நாக்கு பழைய இடத்துக்கே ஓடியது. தமிழில் ஒலிகள் வரும் வரிசையும் சூழலும் வேறு அல்லவா? பிறகு நானே உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தேன். ‘சாசனம்’, ‘சிசு’, ‘பாசி’, ‘ஓசை’, ‘பரிசு’ ஆகியவை ‘ச’கரத்துக்கு, ‘நந்தவனம்’, ‘நாநுனி’, ‘நிதானம்’ ஆகியவை பல்லில் ஒற்றும் ஒலிகளுக்கு, ‘விவசாயம்’, ‘சுவாசம்’, ‘வசூல்’ ஆகியவை ‘வ’வும் ‘ச’வும் அடுத்தடுத்து வருவதால் கடினமானவை. பயிற்சியாளர் அதை மகிழ்ச்சியோடு வாங்கி, தட்டச்சு செய்து, இப்போது மற்றவர்களுக்கும் தருகிறார். தமிழ்நாட்டில் தமிழர்க்குப் பேச்சுப் பயிற்சி தரும் இடத்தில் இப்படியொரு பட்டியலைப் பயனாளி எழுதித் தர வேண்டிய நிலை மாற வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

பேச்சுப் பயிற்சி படிப்படியாக நடந்தது. ‘த்’ என்று நாக்கை வைத்து, அங்கிருந்து மெல்லப் பின்னிழுத்து ‘ஸ்’ஸைக் கொண்டுவருவது முதற்படி. சர்பத் குடிக்கும் குழாய் ஒன்றை முன்பற்களின் நடுவில் நிறுத்திவைத்து ‘ஸ்’ சொன்னால், காற்று நடுவே வருகிறதா, ஓரத்தில் கசிகிறதா என்று குழாய்க்குள் எழும் இரைச்சலே காட்டிக்கொடுத்துவிடும். என் காற்று இடப்புறமாகக் கசிந்தது. இரண்டு வாரம் குழாயோடு போராடிய பின் நடுவுக்கு வந்தது. அடுத்து சா, சீ, சூ என்று அசைகள், பின் சொற்கள், பின் தொடர்கள், இறுதியாக நான் வாசிக்க வேண்டிய பாடநூற் பக்கங்கள். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் அதே ஒரு பக்கத்தை, அதே தொலைவில் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தோம். ஒன்பதாம் அமர்வின் பதிவையும் முதல் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, இது என் குரல்தானா என்று கண் கலங்கியது உண்மை.

இப்போதைய நிலை என்னவென்றால், பகலில் வாசிக்கும் பதிவுகளில் விசில் இல்லை. ‘வ’ முழுமையாகத் திரும்பிவிட்டது. மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வாசித்தால் உதடு மீண்டும் இறுகுகிறது. அப்போது ‘ஸ்வ’, ‘ஸ்ய’ போன்ற கூட்டெழுத்துகள் வரும் சொற்களில் பழைய கசிவு தலைகாட்டுகிறது. அதனால் நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்திவிடுகிறேன். அழைத்துச் சொன்ன அந்த மாணவருக்கு, எந்த நாளில் பதிவானது என்று சொல்லாமல் நான்கு பதிவுகளை அனுப்பினேன். அவர் இரு மடங்கு வேகத்தில் கேட்டு, முதல் இரண்டில் ‘ச’ உறுத்துவதாகவும், பின்னிரண்டு தெளிவாக இருப்பதாகவும் சொன்னார். பயிற்சியாளரின் மதிப்பெண் தாளைவிட அதையே நான் சான்றாகக் கொள்கிறேன்.

முதல் பரிசோதனைக்கு ஆயிரம் ரூபாயும், முக்கால் மணி நேர அமர்வு ஒவ்வொன்றுக்கும் அறுநூறு ரூபாயும் வாங்கினார்கள். எல்லாம் சேர்த்து 8,200 ரூபாய் ஆயிற்று. இம்பிளான்ட்டுக்குச் செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு; ஆனால் என் மருத்துவக் காப்பீட்டில் இதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை. இடம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். நேரம் தவறாமல் அழைக்கிறார்கள். பன்னிரண்டில் இரண்டு அமர்வுகள் வீணாயின என்பதையும் கணக்கில் கொண்டு, ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்.

யாரிடம் போவது என்பதில் கவனம் தேவை. பேச்சு, செவித்திறன் துறையில் பட்டம் பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவராக அவர் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம், தகுதியுள்ளவர் உடனே காட்டிவிடுவார். இத்துறைக்கென்றே மத்திய அரசின் கீழ் 1965-இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் பயின்றவர்கள் தமிழகத்திலும் பணிபுரிகிறார்கள். வாய்த்தசைப் பயிற்சி என்ற பெயரில் குறுகிய காலச் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு, குறட்டை முதல் முகச்சுருக்கம் வரை எல்லாவற்றுக்கும் தீர்வு சொல்பவர்களும் இருக்கிறார்கள். பல் மருத்துவரோடு பேச மறுக்கும் பயிற்சியாளர் எவராக இருந்தாலும், இம்பிளான்ட் உள்ளவர்கள் அவரிடம் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. பல்செட் அணிந்திருந்த அந்த ஏழு மாதங்களில்தான் நாக்கு தவறாகப் பழகியது. அப்போதே யாராவது நாக்கின் இடத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தால் இத்தனை அமர்வுகள் தேவைப்பட்டிருக்காது. எனவே முன்பல் எடுக்க நாள் குறித்திருப்பவர்கள், எடுப்பதற்கு முன்பே ஒரு முறை பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்துவிடுங்கள். கூடவே, ஒரு நாளிதழ்ப் பக்கத்தை உரக்க வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். என் பழைய ஒலிப்பதிவுகள் நூற்றுக்கணக்கில் இருந்ததால்தான், என் இயல்பான ‘ச’ எப்படி இருந்தது என்று பயிற்சியாளர் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை நோக்கி என்னை அழைத்துச் செல்ல முடிந்தது.